ஒரு நிமிஷ வேலைக்காரரும் ஒரு கேரவன் ஓட்டையும்

ஒரு நிமிஷ வேலைக்காரர் என்றொரு இனம் உண்டு. உங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். இவர் இல்லாத குடும்பத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

அடையாளம் சொல்கிறேன். விருந்தாளியாக வந்திருப்பார். டீ குடித்துக்கொண்டிருப்பார். உங்கள் குளியலறைக் குழாய் சொட்டுகிற சத்தம் காதில் விழும். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "இதுக்கெல்லாமா ஆளைக் கூப்பிடுவாங்க? ஒரு நிமிஷ வேலை" என்பார். அதன்பிறகு அந்த வாரம் முழுக்க நீங்கள் பக்கத்து வீட்டில் குளிப்பீர்கள்.

இவர் அளவெடுப்பதில்லை. ஒரு கண்ணை மூடி, கட்டை விரலை நீட்டி, தூரத்து எதிரியைக் குறிபார்ப்பதுபோல் சுவரைக் குறிபார்ப்பார். அதுதான் அளவு. மின்விசிறியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டியதும் கையில் இரண்டு ஸ்க்ரூ மிஞ்சினால் கவலைப்பட மாட்டார். "கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ராவா போட்டிருப்பான்." இவர் சரிசெய்து கொடுத்த பொருளுக்கெல்லாம் பிற்பாடு ஒரு மந்திரம் சேர்ந்துவிடும். இந்தக் கதவைக் கொஞ்சம் தூக்கித் திறக்கணும், அந்த ஸ்விட்சை ஈரக் கையோடு தொடக் கூடாது, அந்த நாற்காலியில் இடது பக்கமாகச் சாயக் கூடாது என்று வருகிறவர்களுக்கெல்லாம் நீங்கள் பாடம் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். அவரோ வேறொரு வீட்டில் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

கடவுள் நம்பிக்கை இவருக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சிலிக்கான் நம்பிக்கை கட்டாயம் உண்டு. குழாய்போல் ஒரு டப்பாவில் வருமே, அழுத்தினால் பிசின்போல் பிதுங்குமே, அதேதான். ஒழுகினாலும் சிலிக்கான், ஆடினாலும் சிலிக்கான், உடைந்தாலும் சிலிக்கான்.

கெட்டவரா? அதுதான் இல்லை. கெட்டவராக இருந்தால் வீட்டுக்குள் விடாமலே இருந்துவிடலாமே.

எங்கள் வீட்டில் இந்த இனத்துக்கு உதாரணம், மாமா. அம்மாவுக்கு ஒரே தம்பி.

அப்பா இந்த இனத்துக்கு நேர் எதிர். காலையில் ஓர் ஆணி அடிக்க முடிவெடுத்தார் என்றால் மாலையில் இடம் குறிப்பார். மறுநாள் அந்த இடத்தை மறுபரிசீலனை செய்வார். ஓய்வு பெற்றதும் பழைய கேரவன் ஒன்றை வாங்கி, வாசலில் நிறுத்தி, அதற்குள் கட்டில், அடுப்பு, அலமாரி, மடக்கு மேசை எல்லாம் தன் கையால் செய்தார். அப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அம்மாதான் ஓட்டுவாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நம்பிக்கையோடு தவறான வழி சொல்வார். முதல் பயணம் கடற்கரைக்கு, ஒரு கலங்கரை விளக்கத்தின் அடியில் நிறுத்தித் தூங்குவதற்கு. அதற்கு முன் ஒரே ஒரு வேலை பாக்கி. நிறுத்துகிற இடத்தில் வெளியிலிருந்து மின்சாரம் எடுக்க, வெளிச்சுவரில் ஒரு பிளக் பொருத்த வேண்டும். அதற்கு வட்டமாக ஒரு துளை போட வேண்டும். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அலமாரி, அந்தப் பக்கம் கட்டில். அலமாரிக்குள், சுவரில், பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுவைத்தார்.

குறி போட்ட வாரம் இறந்துபோனார். மாரடைப்பு. எங்கள் குடும்பத்தில் நிஜமாகவே ஒரு நிமிஷத்தில் முடிந்த வேலை அது ஒன்றுதான்.

துக்க வீட்டிலும் மாமா சும்மா இருக்கவில்லை. எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது அப்பாவின் செருப்பு, மூக்குக் கண்ணாடி, நாற்காலி மூன்றையும் தூக்கிக்கொண்டு போய்ப் பரணில் போட்டார். "கண்ணுல பட்டாத்தானே ஞாபகம் வரும்? படலன்னா சரியாயிடும்." அன்று மாலையே அம்மா ஸ்டூல் போட்டு ஏறி நாற்காலியை இறக்கினாள். அடுத்து மாமாவின் கண் கேரவன்மேல் விழுந்தது. அது பரணில் ஏறாது.

"அக்கா, வித்துடு. எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கேட்டுட்டே இருக்கார்."

"ஒரு தடவை போயிட்டு வந்துடுறேண்டா. அவர் கேட்ட இடம்."

"தனியாவா?"

"இவ வரா" என்று என்னைக் காட்டினாள்.

மாமா ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு முகம் மலர்ந்தது. இந்த இனத்தின் முகம் இப்படி மலர்வதைக் கண்டால், உடனே மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுவது நல்லது. "அப்போ அத்தான் விட்ட வேலையை நான் முடிச்சுக் குடுத்துடுறேன். என்ன, ஒரு ஓட்டைதானே?"

நான் வேலைக்குப் போயிருந்தேன். ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. ஓட்டைகளைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் பார்த்து வீட்டில் ஓர் ஓட்டை தயாராகிக்கொண்டிருந்தது.

மாமா வண்டிக்குள் ஏறினார். அலமாரியைத் திறந்தார். பெருக்கல் குறியைப் பார்த்தார். ஜன்னல் விளிம்பிலிருந்து கையை விரித்து அளந்தார். ஜன்னலுக்கு இடப்பக்கம், ஒரு சாண். மறந்துவிடாமலிருக்க, "இடது, ஒரு சாண், இடது, ஒரு சாண்" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் வந்தார். சுவரைப் பார்த்து நின்றார். ஜன்னலுக்கு இடப்பக்கம், துல்லியமாக ஒரு சாண் அளந்து, டிரில்லை வைத்து அழுத்தினார்.

புரிந்ததா? உள்ளே நிற்கிறவனின் இடது கை, வெளியே வந்து திரும்பி நிற்கும்போது எந்தப் பக்கம்? சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்ட குழந்தைக்குக்கூடத் தெரியும். மாமாவுக்கும் தெரியும். ஆனால் அதை யோசிக்க இன்னொரு நிமிஷம் ஆகும். அவரிடம் இருந்தது ஒன்றுதான்.

அம்மா உள்ளே, கட்டிலில் உட்கார்ந்து தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தாள். சுவரில் டிரில்லின் பல் முளைத்தது.

"டேய்! நிறுத்துடா! என்னடா பண்றே?"

"வந்துடுச்சாக்கா?" வெளியிலிருந்து உற்சாகமான குரல்.

"வந்துடுச்சு. அவர் தலைமாட்டுல வந்துடுச்சு."

டிரில் பின்வாங்கியது. பிறகு ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கண் தெரிந்தது. "சுவர் கொஞ்சம் மாறியிருக்கு" என்றது.

கவனியுங்கள். மாமா மாறவில்லை. சுவர் மாறியிருக்கிறது. இந்த இனத்தார் தவறு செய்து யாரும் பார்த்ததில்லை. சுவர் கோணலாக இருக்கும், பலகை மட்டமானதாக இருக்கும், டிரில் இன்னொருவருடையதாக இருக்கும்.

எனக்கு போன் வந்தது. "ஏம்மா, பயப்படாதே. அம்மா படுக்கிற இடத்துல நல்லாக் காத்து வர மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன்."

நான் வீடு வந்து சேர்வதற்குள் அந்த ஏற்பாடும் மூடப்பட்டிருந்தது. ஒரு முழு டப்பா சிலிக்கான் உள்ளே போயிருந்தது. அதன்மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு சூரியகாந்திப் பூ ஸ்டிக்கர். "முன்னைக்கு இப்பதான் வண்டி லட்சணமா இருக்கு" என்றார் மாமா.

கேரவன் சுவர் வீட்டுச் சுவர்போல் இல்லை. வெளியே மெல்லிய ஃபைபர், உள்ளே மெல்லிய பலகை, நடுவில் நுரை அட்டை. தண்ணீர் உள்ளே போக வழி இருந்தால் போதும், வெளியே வர வழி தேடாது. அங்கேயே தங்கிக் குடித்தனம் செய்யும். வெளியே பூ சிரித்துக்கொண்டிருக்கும், உள்ளே பலகை அழுகிக்கொண்டிருக்கும். சிலிக்கானை எடுத்துவிட்டுச் சரியாகச் செய்யலாம் என்றால், அது பட்ட இடத்தில் ஃபைபரை ஒட்டுகிற ரெசின் பிடிக்காது, பெயின்ட் பிடிக்காது, புது சிலிக்கான்கூடச் சரியாகப் பிடிக்காது.

இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோதே தூறல் போட்டது. பெரிய மழைகூட இல்லை. மறுநாள் காலையில் அப்பாவின் தலையணை நனைந்திருந்தது.

அம்மா அழவில்லை, திட்டவில்லை. தலையணையை வெயிலில் வைத்துவிட்டு வந்தாள். "இன்னொரு தடவை ஒழுகினா, வண்டி கேட்ட அந்த ஆளை வரச் சொல்லுடா" என்றாள் தம்பியிடம். "குடுத்துடலாம். அவர் படுக்கிற பக்கம் நனையறதை என்னால பார்த்துட்டு இருக்க முடியாது." பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு முடியும்னா செய்டி" என்றாள். அவ்வளவுதான்.

விடுப்பு எடுத்தேன்.

முதலில் பூவைப் பறித்தேன். பிளேடால் சிலிக்கானைச் சுரண்டினேன். சுரண்டிய இடத்தைத் துடைத்து, மறுபடி சுரண்டி, மறுபடி துடைத்தேன். ஈரமான நுரையை வெட்டி எடுத்தேன். தலை உலர்த்தும் டிரையரை வைத்துச் சுவரை உலர்த்தினேன். ஒரு வண்டிக்கு முன்னால் ஒருத்தி இப்படி உட்கார்ந்திருந்தால் தெருவில் போகிறவர்கள் சும்மா போவார்களா? பக்கத்து வீட்டு ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், "அந்த இடத்துல ஒரு கடிகாரம் மாட்டிடுங்களேன்" என்றார். வண்டிக்கு வெளியே, தெருவைப் பார்த்து ஒரு கடிகாரம். பார்சல் கொண்டுவந்தவர், சூயிங்கம் நன்றாக நிற்கும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டே சொன்னார். துளையை மறைக்க உலகில் எல்லோரிடமும் ஒரு வழி இருக்கிறது.

மாமா டீக் கோப்பையோடு மேற்பார்வைக்கு வந்து நின்றார். நான் உப்புத்தாளை எடுத்து, துளையின் ஓரத்தைச் சுற்றி, ஒரு தட்டு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க ஆரம்பித்ததும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஏம்மா, இருந்த ஓட்டையைப் பெருசாக்குறியே!"

"ஆமா மாமா."

"நான் மூடினேன். நீ பெருசாக்குறே."

"சுத்தி இருக்கிறதையும் தேய்ச்சாத்தான் மாமா புதுசு பிடிக்கும். இல்லைன்னா மேலாக ஒட்டிக்கிட்டிருந்துட்டு விழுந்துடும்."

"படிச்சவங்களுக்கு எல்லாமே பெரிய வேலை" என்று டீயைப் பார்த்துச் சொன்னார்.

பின்னாலிருந்து ஒரு பலகை கொடுத்து, நுரையை நிரப்பி, கண்ணாடி நார்த் துணியை வட்டம் வட்டமாக வெட்டி, சின்னதன்மேல் பெரியது, அதன்மேல் இன்னும் பெரியது என்று ரெசினில் நனைத்து ஒட்டினேன். காயவிட்டேன். காய்கிற நேரத்தில்தான் இந்த இனத்தார் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டும். "இப்போ தொட்டுப் பார்க்கட்டுமா?" என்பார். "வேண்டாம் மாமா" என்பேன். தொடுவார். அவருடைய சுண்டுவிரல் ரேகை அந்தச் சுவரில் பதிந்து, நான் அதைத் தேய்த்து அழித்து, அடுத்த பூச்சில் மோதிர விரல் ரேகை பதிந்தது.

நடுவில், அலமாரிக்குள் போய், அப்பாவின் பெருக்கல் குறியின் நடுவில் மெல்லிய டிரில்லை வைத்து உள்ளிருந்து வெளியே விட்டேன். அந்த ஊசித் துளை வெளியே எங்கே எட்டிப் பார்த்ததோ அங்கேதான் பெரிய துளை. பிளக் கச்சிதமாக உட்கார்ந்தது. பென்சில் குறி துளையோடு போய்விட்டது. ஒரு கால் மட்டும் ஓரத்தில் மிஞ்சியது. அதை நான் துடைக்கவில்லை.

சோதனை நாள். தோட்டக் குழாயை மாமாவிடமே கொடுத்தேன். அளவில்லாமல் செய்ய வேண்டிய வேலை அது ஒன்றுதான். அம்மா உள்ளே ஏறி, கட்டிலில் அப்பாவின் பக்கம் உட்கார்ந்து, சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"எப்படிக்கா இருக்கு?"

"இன்னும் அடி."

"இப்போ?"

"இன்னும் அடிடா."

தொட்டி காலியாகும்வரை அடித்தார். அதன்பிறகும் அம்மா இறங்கவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். சுவர் காய்ந்திருந்தது. அம்மாவின் முகத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இரண்டு நாள் கழித்து நிஜ மழை பிடித்தது. அம்மா சாவியை எடுத்தாள்.

"மழை விடட்டும் அக்கா!" மாமா குடையோடு ஓடிவந்தார்.

"இந்த மழைக்காகத்தானேடா காத்துட்டிருந்தேன்."

மாமா வண்டியைச் சுற்றிவந்தார். ஒட்டுப்போட்ட இடத்தில் நின்றார். வெள்ளைக்குள் வேறொரு வெள்ளையாக ஒரு வட்டம். எவ்வளவு கலந்தும் நிறம் சேரவில்லை. "தெரியுதே" என்றார். "அந்தப் பூவை மட்டும் மேல ஒட்டிடட்டுமா? ஒரே..."

"கையை வெச்சே, ஒடிச்சிடுவேன்" என்றாள் அம்மா, பக்கக் கண்ணாடியில் பார்த்தபடி. "தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும். ஒழுகலை இல்ல?"

கிளம்பினோம். வழி சொல்ல நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் திருப்பத்திலேயே தவறாகச் சொன்னேன். அம்மா அந்த வழியிலேயே திருப்பினாள்.

மாமாவைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். சந்தோஷம். ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். சுரண்டினாள், தேய்த்தாள், காயவிட்டாள் என்று நான் நீட்டிக்கொண்டு போனபோது, நடுவில் எங்கேயோ, "இதுக்கா இவ்வளவு பாடு? ஒரு தகடு வெச்சு நாலு ஸ்க்ரூ போட்டா முடிஞ்சது" என்று உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா?

தோன்றியிருந்தால் ஒரு செய்தி. உங்கள் வீட்டு டிரில் கொஞ்ச காலமாகக் கண்ணில் படவில்லையே என்று தேடிக்கொண்டிருக்கிறீர்களே, அது தொலைந்துபோகவில்லை. ஒளித்துவைத்திருக்கிறார்கள்.