செல்லையாவின் இமயமலை ஒத்திகை

இலங்கையில் எழுபத்து நாலாம் வருஷம். பாண் ரொட்டிக்கே கியூவில் நிற்கிற காலம். ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் ஸ்டோர் கணக்கப்பிள்ளை செல்லையா, ஒரே மாசத்தில் இரண்டு சபதம் போட்டார். ஒன்று, சின்னவன் காதுகுத்துக்கு மனைவி மூக்காயியின் அண்ணன்மார் மூவரையும் அழைக்கவே மாட்டார். ஆளுக்கொரு பட்டாளத்தோடு வந்து இறங்குவார்கள், சோற்றுக்கு எங்கே போவது? இரண்டு, சைக்கிளில் இமயமலை. எவனோ ஒருவன் பத்து நாள் பனிமலைப் பள்ளத்தாக்கெல்லாம் மிதித்த படத்தைப் பேப்பரில் பார்த்ததிலிருந்து மனுஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மூக்காயிக்கு முதல் சபதம்தான் நெஞ்சில் குத்தியது. தாய்மாமன் மடியில் உட்காராமல் பிள்ளைக்குக் காது குத்துவதா? அண்ணன்மாரோ ரோஷக்காரர்கள். வீட்டு ஆம்பளை கையால் வெற்றிலை வாங்காமல் வாசலை மிதிக்க மாட்டார்கள். பத்து நாள் அழுது பார்த்தாள். மனுஷன் அசையவில்லை. பதினோராம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, எடுத்ததுமே இமயமலையா? மொதல்ல நம்ம மலைய ஏறிப் பாருங்க. கித்துல்கல, கினிகத்தேனை, வட்டவளை."

"அந்த ரோட்டுலதானடி ஒங்கண்ணனுங்க இருக்கானுங்க?"

"அவுங்க வீட்டுப் பக்கமே போகாதீங்க. ரோட்டோட போயிருங்க."

"செத்தாலும் போக மாட்டேன்!"

"சரிங்க. வழியில யாராச்சும் குடிக்கத் தண்ணி குடுத்தா சும்மா வந்துறாதீங்க. வெத்தில பாக்கு கட்டி வச்சிருக்கேன். ஒரு அடுக்கு எடுத்துக் குடுங்க. மரியாதைக்கு."

அது நியாயமாகத்தான் பட்டது.

கித்துல்கலையில் ஒரு கடை முதலாளி, "மாத்தயா, கொஹேத யன்னே?" என்று சிங்களத்தில் எங்கே பயணமென்று கேட்டார். "ஹிமாலயட்ட!" என்று கத்திக்கொண்டே மிதித்தார் செல்லையா. அடுத்த வளைவில் சின்ன மச்சான் செம்பில் தண்ணீரோடு நின்றான். இவன் எப்படி இங்கே என்று யோசிக்க நாக்கு விட்டால்தானே! குடித்தார். சைக்கிளை விட்டு இறங்காமலே வெற்றிலையை நீட்டினார். மச்சான் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி மடியில் கட்டிக்கொண்டான். அடேயப்பா, சைக்கிள் மிதிக்கிறவனுக்கு இவ்வளவு மதிப்பா!

மழை பெய்தது. அட்டை கடித்தது. இறங்கித் தள்ளினால் நான் செல்லையா இல்லை என்று ஏறினார். கினிகத்தேனையில் நடு மச்சான் தண்ணீரோடு நின்றான். வட்டவளையில் பெரிய மச்சான் அழகமுத்து. ஒருத்தனும் வெற்றிலையைப் போட்டு மெல்லவில்லை.

நாலாம் நாள் நொண்டிக்கொண்டு வீடு வந்தார். "ஒருத்தன் வாசலையும் மிதிக்கல, தெரியுமா?" என்று மார்தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. ஹட்டன் பஸ்ஸிலிருந்து இருபத்தேழு பேர் இறங்கினார்கள். சீர்த்தட்டு, சேவல், மரவள்ளிக்கிழங்கு மூட்டை. அழகமுத்து நேரே வந்து பாயில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இவங்கள யாருடி அழைச்சா?"

"என்னங்க இப்புடிக் கேக்குறீங்க? மூணு மலை ஏறி நீங்கதான ஒங்க கையால வெத்தில வச்சீங்க? வெத்தில வைக்க வாறாருன்னு நான் ஒரு கடுதாசிதான் போட்டேன்."

"நாளைக்கே நான் இமயமலைக்குப் போறேன்!"

"அங்க எதுக்குங்க?" என்றாள் மூக்காயி. "அங்கதான் நமக்குச் சொந்தக்காரங்க யாருமே இல்லியே."