டைகர் மேல் விழுந்த பழி

"சட்டையத் தூக்கு சிலுவை. தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி" என்றார் எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஏசுதாஸ்.

சிலுவைராஜ் நசுங்கிப்போன ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினான். "அடி விரல்லல்லா பட்டிருக்கு? வயித்துல எதுக்கு?"

"நாய்க்கடிக்கு அங்கனதான் போடணும். உன்னை நாய் கடிச்சிட்டுன்னு டீமேக்கர் சொல்லி அனுப்பியிருக்காரு."

சிலுவைராஜுக்குக் கோபம் தலைக்கேறியது. ஏலப்பாறைக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டின் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து உருட்டும் ரோலர் மிஷின்தான் அவன் விரலைக் கடித்தது. அதன் பல்சக்கரத்துக்கு மேலே இருந்த தகர மூடியை ஈஸ்டருக்கு முன்பே கழற்றிவிட்டார்கள். வெல்டிங் வேலைக்குப் பீர்மேட்டுக்குப் போயிருக்கிறது என்றார் தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் நெல்லையப்பன். மழைக்காலமே வந்துவிட்டது, மூடி வரவில்லை.

இந்த அழகில் வெள்ளிக்கிழமை தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிறார். விபத்தே நடக்காத தொழிற்சாலை என்று கேடயம் கொடுக்கப் போகிறார். ஆகவே விபத்து நடக்கவில்லை, நாய்தான் கடித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு நெல்லையப்பனுக்கு ஒரு தட்டுச் சோறு போதும்.

விரல் போனால் போகிறது. அதே மிஷினுக்கு எதிர்ப்பக்கம் நின்று கொழுந்து அள்ளுகிறவள் அவன் மனைவியின் தங்கை. மிஷின் மேல் குற்றமில்லை என்றால் மூடி வராது. மூடி வராவிட்டால் அடுத்தது அவள் கை.

ஊசியே வேண்டாம் என்று சட்டையை இறக்கிவிட்டு, சிலுவைராஜ் நேரே டீமேக்கரிடம் போனான். சம்பளத்தோடு ஒரு வாரம் லீவு தருவதாக அவர் ஆசை காட்டினார். எமர்ஜென்சி நேரத்தில் வீம்பு ஆகாது என்று மிரட்டியும் பார்த்தார்.

"நாய்னே சொல்லுதேன்யா. எந்த நாய்னு சொல்லுங்க" என்றான் சிலுவைராஜ்.

தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் நாய் வளர்க்கத் தடை. எஸ்டேட்டில் இருந்த ஒரே நாய் நெல்லையப்பன் வீட்டு டைகர்தான். தொழிலாளியைக் கடித்த நாயைக் காவல்காரன் சுட்டுவிட வேண்டும் என்பது எஸ்டேட் விதி. ஆகவே, பஜாரிலிருந்து வந்த ஏதோ வெறிநாய் என்று சொல்லி வைத்தார்.

மறுநாள் காலை சங்கு ஊதியது. ஒருத்தியும் மலையேறவில்லை.

வெறிநாய் திரிகிற மலையில் எப்படிக் கொழுந்து கிள்ளுவது என்று சிலுவைராஜின் மனைவி இருதயம்மாள் லயத்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து கேட்டாள். மற்ற பெண்களும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். வேலைநிறுத்தம் என்றால் போலீஸ் வரும். நாய்க்குப் பயந்தவர்களை எந்தச் சட்டத்தில் பிடிப்பது?

மேலிடத்திலிருந்து டெலிபோன் அலறியது. நெல்லையப்பன் குடைகூட இல்லாமல் லயத்துக்கு ஓடி வந்தார்.

"வெறிநாய் இல்ல தாயி. நம்ம டைகர்தான். விளையாட்டுக்குக் கவ்விட்டு."

பெண்கள் சிரித்துக்கொண்டே கூடையை எடுத்தார்கள். காவல்காரன் துப்பாக்கியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

பாவம் டைகர். பிறந்ததிலிருந்து ஓர் எலியைக்கூடக் கடித்ததில்லை. வெள்ளிக்கிழமை காலை, புதுக்கூரை போட்ட தன் கூண்டுக்குள் மழைக்கு நனையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. காவல்காரன் வருவதற்குள் அதை விறகுக் கொட்டகையில் ஒளித்துவிடலாம் என்று நெல்லையப்பன் சங்கிலியைப் பிடித்து இழுத்தார். அது வர மறுத்தது. இன்னும் பலமாக இழுத்தார். அவர் கொடுத்த பெயரைக் காப்பாற்றுவதுபோல் டைகர் அவர் கையை ஆழமாகவே கடித்துவிட்டது.

கம்பவுண்டர் ஊசியைக் கொதிக்க வைத்தார். விரலுக்கு மருந்து மாற்ற வந்த சிலுவைராஜ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். டீமேக்கரைத் தேடிக்கொண்டு கேடயத்தோடு இன்ஸ்பெக்டரும் அங்கேயே வந்து சேர்ந்தார். நெல்லையப்பனின் மனைவி காந்திமதி டைகரை அணைத்தபடி நிற்க, வாசலில் காவல்காரன் துப்பாக்கியோடு நின்றான்.

"கையில் ரத்தம் வருகிறதே, என்ன ஆயிற்று?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

நெல்லையப்பன் வாயைத் திறந்தார். நாய் என்றால் டைகர் போகும். மிஷின் என்றால் கேடயம் போகும்.

சிலுவைராஜ் எழுந்து நின்றான். "சொல்லுங்கய்யா. எது கடிச்சுது?"

காவல்காரன் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான். அதற்கும் டைகருக்கும் நடுவே வந்து நின்றாள் காந்திமதி.

"எங்க டைகர் யாரையும் கடிக்கலைங்க. இவுக ரெண்டு பேரையும் கடிச்சது மூடியில்லாத அந்த ரோலர் மிஷின்தான். மூடி வேணும்னா எங்க டைகர் கூண்டுக்குக் கூரையாக் கிடக்கு, கழட்டிக்கிடுங்க."