நான் எழுதிக் காப்பாற்றிய நான்கு பதவிகள்

அன்பும் பண்பும் தலைமை அலுவலகத்தில் பெரிய பதவியும் ஒருங்கே அமையப்பெற்ற மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவர் எழுதுவது. இங்கு உங்கள் அக்காவின் முழங்காலும் என் உத்தியோகமும் தவிர மற்ற எல்லாம் நலம். அங்கே நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தலைவலி, காய்ச்சல் என்று ஏதாவது இருந்தாலும் இந்தக் கடிதத்தை முழுதாகப் படித்துவிட்டுப் படுத்துக்கொள்ளவும். கல்யாணமான நாள் முதல் உங்களை வாடா போடா என்று கூப்பிட்டவன் இன்று 'அவர்களுக்கு' என்று ஆரம்பிக்கும்போதே, இவருக்கு ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று ஊகித்திருப்பீர்கள். ஊகம் சரி.

விஷயம் என்னவென்றால், எங்கள் அலுவலகத்துக்கு நிர்வாகச் சீர்திருத்தம் வந்துவிட்டது. ஒவ்வொரு பணியிடத்திலும் என்ன வேலை நடக்கிறது, அதில் என்ன பொறுப்பு, என்ன ஆபத்து என்று எழுதித் தரவேண்டுமாம்; குழு ஒன்று வந்து மதிப்பெண் போட்டு வகைப்படுத்துமாம்; மதிப்பெண் குறைந்தால் அந்தப் பணியிடம் ரத்தாம். நான் கண்காணிப்பாளராக இருக்கும் ஆவணப் பிரிவில் என்னையும் சேர்த்து நான்கு பேர். ஓட்டுநருக்கு வண்டி கிடையாது. அது கழிக்கப்பட்டு, அலுவலகத்தின் பின்பக்கம் செங்கல்மேல் நிற்கிறது. அவர் மாடிக்கும் கீழுக்குமாகக் கோப்பு தூக்குகிறார், போகிற போக்கில் டீயும் வாங்கி வருகிறார். தட்டச்சர் அம்மாவுக்குத் தட்டச்சு கிடையாது. கம்ப்யூட்டர் வந்தபிறகு அவரவரே தட்டிக்கொள்கிறார்கள் என்பதால், போனை எடுத்து "அவர் மீட்டிங்ல இருக்கார், நாளைக்குப் பேசுங்க" என்று சொல்வதைத் தன் கடமையாக வைத்துக்கொண்டிருக்கிறார். மூன்றாமவர் பதிவறைக்காரர். பழைய கட்டுகளைக் கரையான் தின்னாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஆபீசில் அவருக்கே கரையான் என்றுதான் பெயர். சுற்றறிக்கை வந்த அன்று மூவரும் என் மேஜையைச் சுற்றி நின்றார்கள். "சார், உள்ளதை உள்ளபடி எழுதினா நாங்க அவ்வளவுதான் சார்," என்றார் ஓட்டுநர். அவருக்குக் கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. "யாரும் எதுவும் எழுத வேண்டாம். நாலு பேருக்கும் நானே எழுதறேன்," என்று சொல்லிவிட்டேன்.

மைத்துனரே, குறிப்பு எழுதுவதில் இந்த அலுவலகத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது ஊரறிந்த விஷயம். பேனாவைத் திறந்தால் அது தானாக ஓடும். ஓட்டுநருக்கு 'பல தளங்களுக்கிடையே ஆவணப் போக்குவரத்தைத் திட்டமிட்டு ஒருங்கிணைத்தல்' என்று எழுதினேன். தட்டச்சர் அம்மாவுக்கு 'பொதுமக்களின் எதிர்பார்ப்புகளை நெறிப்படுத்தி, உயர் அலுவலர்களின் நேரத்தைப் பாதுகாத்தல்'. கரையானுக்கு 'அரிய ஆவணங்களுக்கு உயிரினங்களால் நேரக்கூடிய இடர்களை முன்கூட்டியே அறிந்து தடுத்தல்'. எனக்கு என்ன எழுதுவது என்று மட்டும் சற்றுத் திணறினேன், ஏனென்றால் இந்த மூவரும் வந்திருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் என் வேலை. கடைசியில் 'மேற்கண்ட மூன்று துறைகளுக்கும் ஒருங்கிணைந்த தலைமை வழங்குதல்' என்று முடித்தேன். படித்துக் காட்டியபோது தட்டச்சர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை வேலையா சார் நான் செஞ்சுக்கிட்டிருந்தேன்? வீட்டுல யாருக்கும் தெரியாது," என்றார்.

குழு வந்தது. தலைவி மிகவும் மரியாதையான அம்மாள்; கோபமே வரவில்லை, அதிலேயே நான் ஏமாந்துவிட்டேன். ஓட்டுநரைப் பார்த்து, "உங்க பணியில என்ன ஆபத்து இருக்கு?" என்று கேட்டார். "மழை பெஞ்சா படிக்கட்டு வழுக்கும்மா," என்றார் அவர். அதற்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டார். போகும்போது என்னிடம், "இவ்வளவு தெளிவா யாருமே எழுதித் தரலை சார்," என்று சொல்லி, "ஆனா ஒண்ணு, நாங்க ஆளை மதிப்பிடறதில்லை. நாற்காலியைத்தான் மதிப்பிடறோம்," என்றார். எங்கள் நாற்காலிகள் எல்லாம் ஆடுமே என்று நான் கவலைப்பட்டேனே தவிர, அந்தப் பேச்சின் உள்ளர்த்தம் எனக்கு உறைக்கவில்லை.

போன வாரம் உத்தரவு வந்தது. நான்கு பதவிகளும் காப்பாற்றப்பட்டன. அது மட்டுமில்லை, நான்கும் மேல் வகைக்கு உயர்த்தப்பட்டன. பிரிவே கைதட்டியது. அடுத்த பக்கத்தைத் திருப்பினால், உயர்ந்த பதவிக்கு உயர்ந்த தகுதி வேண்டும் என்று போட்டிருந்தது. ஓட்டுநர் இடத்துக்குப் போக்குவரத்து மேலாண்மையில் முதுகலைப் பட்டம். தட்டச்சர் இடத்துக்கு மக்கள் தொடர்பில் பட்டம், மூன்று மொழி. கரையான் இடத்துக்குப் பூச்சியியலில் முனைவர். என் இடத்துக்கு நிர்வாகவியல் பட்டமும் நாற்பதுக்கு உட்பட்ட வயதும். தற்போது இருப்பவர்களுக்குத் தகுதி இல்லாததால் நால்வரும் உபரி ஊழியர்களாம், பொதுத் தொகுப்பில் சேர்க்கப்படுகிறோமாம். பதவிகள் பத்திரமாக உள்ளே இருக்கின்றன, நாங்கள் வெளியே நடைபாதை பெஞ்சில் இருக்கிறோம். பூட்டிய அறைக்குள் போன் அடிக்கும்போதெல்லாம் தட்டச்சர் அம்மா, "கை பரபரங்குது சார்," என்கிறார். ஓட்டுநர்தான் நெஞ்சில் அறைந்த மாதிரி ஒன்று சொன்னார். "வண்டி போனப்பக்கூட எனக்கு வேலை இருந்துச்சு சார். நீங்க எழுதினப்புறம்தான் போச்சு." அன்று அவர் வாங்கி வந்த டீயைக் குடிக்க முடியவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பக்கத்துத் தபால் பிரிவின் கண்காணிப்பாளர் இருக்கிறாரே, சொந்தமாக விடுப்பு விண்ணப்பம்கூட எழுதத் தெரியாத மனிதர், அவர் தன் பிரிவுக்கு 'தபால் வாங்குவது, தபால் அனுப்புவது' என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அந்தப் பிரிவில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. இதை உங்கள் அக்காவிடம் சொன்னது என் தப்பு. "எழுதத் தெரியாதவன் எல்லாம் நிம்மதியா இருக்கான்," என்று ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை.

மாதக் கடைசிக்குள் என்னை எங்கேயாவது தூக்கிப் போடுவார்கள். கடலோரத்தில் ஓர் உப்புக் கிடங்கில் இடம் காலியாம். பஸ்கூடப் போகாத இடம். ஓய்வு பெற இரண்டே வருஷம் இருக்கும்போது நான் போய் உப்பை எண்ணவேண்டும். உங்கள் அக்கா, "நீங்க போங்க, இந்த முழங்காலோட நான் அங்க வரமாட்டேன். ரெண்டு வருஷமும் என் தம்பி வீட்டுலயே இருந்துக்கறேன்," என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். உங்களுக்கு அக்காமேல் எவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டு அடுப்படியை யார் எப்படி வைத்திருக்கவேண்டும் என்பதில் அவளுக்கு எவ்வளவு பிரியம் என்று உங்கள் மனைவிக்கும் தெரியும். ஆகவே இருதரப்பு நலனையும் கருதி, நீங்கள் மேலிடத்தில் ஒரு வார்த்தை சொல்லி, எங்கள் நால்வரையும் பழைய இடத்திலேயே, பழைய வகையிலேயே விடச்செய்ய வேண்டும். தம்பிக்கு அங்கே என்ன வேலை என்று யார் கேட்டாலும் உங்கள் அக்கா 'பெரிய வேலை' என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அதற்குமேல் எனக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பெரிய வேலையைத்தான் மலைபோல் நம்பியிருக்கிறேன்.

உங்களுக்கு மேன்மேலும் பதவி உயர்வு கிடைக்கவேண்டும் என்றும், அதற்கு எந்தப் பட்டமும் கேட்காமல் இருக்கவேண்டும் என்றும் மனமார வாழ்த்தும்,

உங்கள் அக்கா கணவர்
(உபரி)

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். உறையை ஒட்டும் நேரத்தில் இரண்டாவது உத்தரவு வந்துவிட்டது. தபால் பிரிவில் ஆள் பற்றவில்லை என்று குழுவே கண்டுபிடித்து, மற்ற மூவரையும் அங்கே போட்டுவிட்டார்கள். அதே டீ, அதே போன், அதே கரையான். என்னைப் பற்றித் தலைவி அம்மாள் நல்லவிதமாக எழுதி, எல்லா அலுவலகங்களுக்கும் பணி விவரம் எழுதித்தரும் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். முதலில் எடுத்துக்கொள்வது தலைமை அலுவலகம், அதிலும் முதலில் உன் பிரிவு. விடைபெறப் போனபோது ஓட்டுநர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போற இடத்துல யாருக்கும் நல்லா எழுதிடாதீங்க சார்," என்றார். பாவம், பிரிவுத் துயரத்தில் என்னவோ சொல்கிறார். திங்கட்கிழமை நானும் உன் அக்காவும் வந்து சேர்கிறோம், அரசுக் குடியிருப்பு கிடைக்கும்வரை உன் வீட்டில்தான். நீ அங்கே என்ன வேலை செய்கிறாய் என்று ஒரு தாளில் குறித்து வை. ஒன்றும் தோன்றாவிட்டாலும் கவலைப்படாதே, உன் பதவிக்கு நான் இப்போதே எழுத ஆரம்பித்துவிட்டேன். ரொம்ப நன்றாக வந்துகொண்டிருக்கிறது.