கீழவீட்டுக்காரர் கழுத்தில் விழுந்த மாலை

ஒரு முகத்தை அச்சு அசலாக வரைய வேண்டுமென்றால் அந்த முகத்தைப் பார்க்கவே கூடாது. இதைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆனால் செத்துப்போனவர்களின் சின்னப் போட்டோவை வைத்துக்கொண்டு, கரியால் பெரிய படம் வரைந்து பிழைத்தவன் நான். போட்டோவைக் கட்டம் கட்டமாகப் பிரிப்போம். தாளிலும் அதே கணக்கில் பெரிய கட்டங்கள் போடுவோம். பிறகு இந்தக் கட்டத்தில் இருப்பதை அந்தக் கட்டத்தில் ஏற்றிக்கொண்டே போக வேண்டியதுதான். மூக்கு என்று நினைத்து வரைந்தால் நம் மனசிலிருக்கிற மூக்கு வந்துவிடும். கட்டத்தை மட்டும் பார்த்தால் அவருடைய மூக்கு வரும். இந்த ஞானத்தின் மேல் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

நம் ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்வதற்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தி, திருக்கொச்சி சர்க்கார் காலம். எனக்குக் கல்யாணமான புதிது. செத்தவர்களையே வரைந்து அலுத்துப்போய், உயிரோடு அசைகிற எதையாவது வரையலாம் என்று திற்பரப்பு அருவிக்குப் போனேன். பாறையில் பலகையைச் சாய்த்து வரைந்தேன். ஓவியன் என்றால் பின்னால் தள்ளிப்போய், தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்க வேண்டுமல்லவா? (அப்படிப் பார்த்தால்தான் குளிக்க வந்தவர்களுக்கு நாம் ஓவியன் என்று தெரியும்.) தள்ளிப் போனேன். இன்னும் கொஞ்சம் போனேன். அங்கே பாறை முடிந்து பாசி ஆரம்பித்திருந்தது.

வலது முன்கை எனக்கு அடியில் மாட்டிக்கொண்டது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அருவி இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. நான் வாய்விட்டு அலறியதைக் குளிக்கிற உற்சாகம் என்று எண்ணி, பக்கத்தில் நின்ற ஒருத்தர் பதிலுக்கு ஓவென்று கூவினார்.

அருமனையில் எலும்பு கட்டுகிற ஆசான் ஒருவர் இருந்தார். கையைத் தடவிப் பார்த்தார்.

“தொழில் என்னவாக்கும்?”

“படம் வரைவேன்.”

“நல்ல தொழிலு. எந்தக் கையாலே?” என்று கேட்டபடியே இழுத்தார் பாருங்கள், நான் சொன்ன பதிலை அச்சில் ஏற்ற முடியாது. முட்டை வெள்ளையும் உளுந்தமாவும் குழைத்துப் பற்றுப் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். புளி கூடாது, மீன் கூடாது, கையை அசைக்கவே கூடாது என்றார். கடைசி விதியைச் சொல்லியிருக்கவே வேண்டாம்.

வலி பெரிய வலிதான். ஆனால் அதைவிடப் பயம் பெரிதாக இருந்தது. பற்றுக்கு வெளியே என் விரல்கள் வீங்கி நீட்டிக்கொண்டிருக்கும். அசையுங்கடா என்று மனசுக்குள் கெஞ்சுவேன். அசையாது. இனி வரையவே முடியாதோ என்று நினைத்து, பகவதி குளத்துக்குப் போன நேரம் பார்த்து அழுதிருக்கிறேன். (பகவதி என் மனைவி.)

இந்தச் சமயம் பார்த்து அவளுடைய அண்ணன் வந்தார். கருங்கல் சந்தையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். நல்ல மனுஷர், அதுதான் தொல்லை.

“மாப்பிளே, கரியும் காயிதமும் போரும். கடையில வந்து இரும். நல்லமொளகு நிறுக்கதுக்கு இடது கை போரும்.”

“கை சரியாயிரும் அத்தான்.”

“சரியாவட்டு. அதுவரைக்கும் எனக்க தங்கச்சி என்னத்தத் திம்பா?”

அவர் போனதும், இடது கையில் ஒரு கரித்துண்டை எடுத்துச் சும்மா பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதற்கே வியர்த்துவிட்டது. மறுநாள் கோடு இழுத்தேன். அது கோடு என்று நான் சொல்லித்தான் தெரியும். பிறகு தேங்காய் வரைந்தேன். பகவதி எட்டிப் பார்த்து, “சேனைக்கிழங்கு கொள்ளாம்” என்றாள். (நன்றாயிருக்கிறது என்று அர்த்தம்.) செம்பு வரைந்தேன். “சக்கயா?” என்றாள். பலாப்பழத்தை நாங்கள் சக்கை என்போம். அவள் கேலிக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். அதுதான் எரிச்சல்.

அப்படியே பைய மேலேறினேன். அக்கம்பக்கத்தார் குடைகளில் வெள்ளைச் சாயத்தால் பெயர் எழுதிக் கொடுத்தேன். மாட்டுவண்டிகளுக்கு நம்பர் எழுதினேன். ஒருநாள் ஒரு பழைய போட்டோவைப் பார்த்து முகம் வரைந்தேன், வரவில்லை. எரிச்சலில் போட்டோ குத்திய பலகையைத் தூக்கித் தலைகீழாக வைத்துவிட்டு வரைந்து பார்த்தால், இடது கை சொன்னபடி கேட்டது! நேராக வைத்தால் கண் என்று தெரியும், கண் என்று தெரிந்தால் கைக்கு நடுக்கம். தலைகீழாக வைத்தால் அது வெறும் வளைவு. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தில் பத்தியத்தை மறந்து புளிக்கறி கேட்டேன். பகவதி தரவில்லை.

விஷயம் தெரிந்ததும் அத்தானே ஒரு வேலை கொண்டுவந்தார். தோவாளைப் பக்கம் ஒரு ஊரில், அவர் கடைக்கு நெல் கொடுக்கிற மேலவீடு என்று ஒரு வீடு. அந்த வீட்டுப் பெரியவர் இறந்து முதல் வருஷத் திவசம் வருகிறது, அன்றைக்குப் படம் வைக்க வேண்டும்.

“எனக்க வாக்கிலே வாங்கினதாக்கும். நல்லா வந்தா நான் இனி வாய் தொறக்கல்ல. வரல்லேன்னா கடைக்கு வந்திரணும். சம்மதமா?”

“சம்மதம்” என்றேன். மிளகாய் வற்றல் நெடியில் தும்மிக்கொண்டே சாகப்போகிறேனா, ஓவியனாக இருக்கப்போகிறேனா என்பது அந்த ஒரு படத்தில் இருந்தது.

போட்டோவைக் கொண்டுவந்து தந்தவர் மேலவீட்டு மூத்த மகன் சிவதாணு. ஒரு கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படம். “வலது ஓரத்துல இருக்கது அப்பா” என்றார். இடது ஓரத்தில் இருந்தவர் யார் என்று கேட்டேன். “அது சித்தப்பா, கீழவீடு. அந்த ஆளப் பத்திப் பேசண்டாம்” என்று எழுந்து போய்விட்டார். ஒரு வரப்பு விஷயமாக இரண்டு வீட்டுக்கும் வருஷக்கணக்காக வழக்கு நடக்கிறது என்று அத்தான் பிறகு சொன்னார்.

போட்டோவில் கட்டம் போட எனக்கு ஒரு முறை உண்டு. ஒரு அட்டையில் முகம் மட்டும் தெரிகிற அளவுக்கு ஓட்டை வெட்டி, அதன் குறுக்கும் நெடுக்கும் நூல் ஒட்டி, போட்டோவின் மேல் பொருத்திவிடுவேன். மற்ற முகங்கள் மறைந்துபோகும், கவனம் சிதறாது. ஆனால் நூல் ஒட்ட இரண்டு கை வேண்டும். ஆகவே பகவதியைக் கூப்பிட்டேன். போட்டோவை நான் ஏற்கெனவே என் புது வழக்கப்படி பலகையில் தலைகீழாகக் குத்தி வைத்திருந்தேன்.

“வலது ஓரத்து ஆளுக்குக் கட்டம் போடு” என்று சொல்லிவிட்டுக் கரியைத் தீட்டப் போனேன்.

நல்ல கெட்டிக்காரி. நூல் தடிப்பாக இருக்கிறது என்று தன் தலைமுடியையே பிடுங்கி ஒட்டி, அட்டையைக் கச்சிதமாகப் பொருத்தியிருந்தாள்.

பிறகு ராப்பகலாக உழைத்தேன். கை கடுத்தால் நிறுத்துவேன், தணிந்தால் தொடர்வேன். முடித்துவிட்டு நேராகத் திருப்பிப் பார்த்தேன். அப்படியே உயிரோடு ஒரு மனுஷர் உட்கார்ந்திருந்தார்! காது மடலின் மறு முதற்கொண்டு விழுந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே கோட்டாறுக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டு, காகிதம் சுற்றி வாங்கிவிட்டேன்.

திவசத்தன்று காலையில் நான், பகவதி, அத்தான் மூவரும் போனோம். சிவதாணு படத்தை வாங்கிப் பட்டுத்துணியால் மூடி வைத்தார். “ஆரும் பிரிச்சுப் பாக்கண்டாம். அம்மைதான் முதல்ல பாக்கணும்.” அத்தான் வந்தவர்களிடமெல்லாம், “எனக்க தங்கச்சி மாப்பிள வரஞ்சதாக்கும். அதும் இடது கையாலே” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் கீழவீட்டுக்காரர் வந்தார். வழக்கு கோர்ட்டில்தானே, அண்ணன் திவசத்துக்கு வராமல் முடியுமா? யாரோடும் பேசாமல், படத்துக்கு நேர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். எனக்கு அவரை எங்கேயோ பார்த்தது போலிருந்தது. பஸ்ஸிலா, சந்தையிலா என்று யோசித்தேன். அப்புறம் விளங்கியது: அண்ணன் தம்பி ஜாடை! இவரே இப்படி இருந்தால் என் படம் மிகச் சரி என்று உள்ளுக்குள் பூரித்துப்போனேன். (மடையன்.)

பூசை முடிந்தது. சிவதாணுவின் அம்மையை முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். சிவதாணு பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டு துணியை எடுத்தார், மாலையைப் போட்டார், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

அழுகை வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

கீழவீட்டுக்காரர் மட்டும், தன் முகத்துக்கு முன்னால் ஒரு பிள்ளை விழுந்து கும்பிடுவதைப் பார்த்து, தன்னையறியாமல் கையைத் தூக்கி, “நல்லா இரு மக்கா” என்றார்.

சிவதாணு துள்ளி எழுந்தார். அம்மை படத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஏலே, இது உனக்க அப்பா இல்ல. சித்தப்பால்லா!”

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை. அத்தான் என்னைத் தெரியாதவர்போல ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

சிவதாணு என் சட்டையைப் பிடிக்காத குறை. “வலது ஓரம்னு சொன்னனா இல்லியா ஓய்?”

“வலது ஓரம்தான் வரஞ்சேன்!” என்று நானும் விடாமல் நின்றேன். படத்தோடு நான் திருப்பித் தந்திருந்த போட்டோவை எடுத்துக் காட்டினார். வலது ஓரத்தில், நான் ஜென்மத்தில் கவனித்தேயிராத ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து பகவதியின் குரல் கேட்டது. மெல்லப் பேசிப் பழக்கமில்லாதவள்.

“இஞ்ச பாருங்க, நீங்க படத்தத் தலகீழால்லா வச்சிருந்திய! அப்பம் வலது ஓரம் இடது ஓரமாட்டு வராதா? நான் என் கண்ணுக்கு வலது ஓரம் எதுவோ அதுக்குக் கட்டம் போட்டேன்.”

கூடத்தில் எல்லோரும் அதை மனசுக்குள் திருப்பிப் பார்த்தார்கள். புரிந்தவர்கள் புரியாதவர்களுக்குக் கையால் சுழற்றிக் காட்டினார்கள். அம்மை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழவைத்துவிட்டோமே என்று நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்க, முந்தானைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அப்புறம் யாரையும் அடக்க முடியவில்லை.

கீழவீட்டுக்காரர் எழுந்து படத்தின் அருகே போய், தன் காது மடலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “மறு வரைக்கும் வரஞ்சிருக்கான். கொள்ளாம்டே.” மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் படத்தைக் கக்கத்தில் இடுக்கினார்.

சிவதாணு மறித்தார். “அது எங்க படம்.”

“முகம் எனக்குள்ளது.”

“காயிதமும் சட்டமும் எங்களுக்குள்ளது.”

சாப்பாட்டுக்கு வந்திருந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர் ஆர்வமாகத் தொண்டையைச் செருமினார். அம்மைதான் முடித்துவைத்தாள். “கொண்டு போட்டும் மக்கா. உயிரோட இருக்க மனுஷனுக்க படத்துக்கு மாலை போட்டு நம்ம வீட்டுல வைக்க முடியுமா?”

அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். இலையில் உட்கார்ந்தபோது படத்தையும் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டார். வழக்கு என்னவோ அதற்குப் பிறகும் நடந்தது.

பெரியவரை மறுபடி, போட்டோவை நேராக வைத்து வரைந்து கொடுத்தேன். முதல் படம் அளவுக்கு அமையவில்லை. அம்மை அதையே வாங்கி மாட்டிக்கொண்டாள்.

திவசத்தன்று திரும்பும்போது பஸ்ஸில் அத்தான் ஜன்னல் வழியே வயலையே பார்த்துக்கொண்டு வந்தார். என் கதை முடிந்தது, நாளை முதல் தராசுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். வில்லுக்குறி தாண்டியதும் நானே ஆரம்பித்தேன்.

“அத்தான், எப்ப கடைக்கு வரணும்?”

அவர் திடுக்கிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்லவேளை, இடது கை.

“வரண்டாம் மாப்பிளே. நான் ஆயுசுக்கும் கேக்கல்ல. நீரு எடை சரியாட்டுத்தான் போடுவீரு. ஆனா ஒருத்தன் கேட்டதப் பொதிஞ்சு வேற ஒருத்தனுக்க கையில குடுப்பீரு. நீரு வரஞ்சிட்டு வீட்டுலயே இரும்.”

அப்படித்தான் நான் ஓவியனாக நிலைத்தேன். வலது கை கொஞ்சம் கோணலாகச் சேர்ந்தது, ஆனால் சேர்ந்தது. போன மாதம் எங்கள் கடைசி மகனுக்குப் பெண் பார்க்க ஒரு குடும்பப் போட்டோ வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையை நீட்டினேன். பகவதி தரவில்லை. தானே நேராகப் பிடித்துக்கொண்டு, மகனும் மருமக்களும் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு முகமாக விரல் வைத்துக் காட்டினாள்.

“இது பொண்ணு. இது பொண்ணுக்க அம்மை. நல்லா பாத்துக்கிடுங்க. அங்க போயி அம்மைக்குப் பூ வச்சிராதீங்க.”