உச்சுக்கொட்டி டென்னிஸ் பார்க்கப் போனார்

உச்சுக்கொட்டி என்றோர் இனம் உண்டு. தினம் ஒருவரையாவது பார்த்துப் பரிதாபப்படாவிட்டால் இவர்களுக்குச் சாப்பாடு இறங்காது.

நம்மவர் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ் மேனேஜர். பெரிய டென்னிஸ் போட்டி ஒன்றில், ஆண்கள் சக்கர நாற்காலி ஒற்றையர் அரையிறுதிக்கு இரண்டு ஓசி டிக்கெட் கிடைக்க, மனைவியோடு முன்வரிசையில் போய் உட்கார்ந்து, கைக்குட்டையை மடியில் விரித்துக்கொண்டு, முதல் பந்து விழுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“பாவம்டி, எப்படித்தான் ஆடுவாங்களோ!”

எப்படி ஆடினார்கள்? நீலச் சட்டைக்காரர் ஒரு கையால் நாற்காலியை வெட்டித் திருப்பி, மறு கையால் விட்ட அடிகளில் எதிரே இருந்த மஞ்சள் சட்டைக்காரர் திணறிப்போனார்.

“போட்டு வெளுக்கிறாரு மனுஷன்! இதுல பாவம் எங்கங்க வந்துச்சு?” என்றாள் மனைவி.

“உனக்குக் கல்நெஞ்சு.”

நீலச் சட்டைக்காரருக்கு இன்னும் ஒரே ஒரு பாயிண்ட். எடுத்தால் இறுதிப் போட்டி. மஞ்சள் சட்டைக்காரர் மூலைக்கு விரட்டிய பந்து தரையில் பட்டு எழும்பியது. மறுபடியும் பட்டு எழும்பியது. இந்த ஆட்டத்தில் அது செல்லும். மூன்றாவது தடவை தரையைத் தொடுவதற்குள் அடித்தால் போதும். வாசலில் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். நம்மவருக்குப் படிக்க நேரம் ஏது? கண்ணைத் துடைக்கவே சரியாக இருந்தது. பாயிண்ட் போய்விட்டது என்று தானே முடிவுகட்டி, நீலச் சட்டைக்காரர் மட்டையை ஓங்கிய அதே நொடியில் எழுந்து நின்று, கைதட்டிக் கத்தினார்.

“பரவால்லப்பா! இவ்வளவு தூரம் வந்ததே பெருசு!”

பந்து வலையில் போய் விழுந்தது. அதன்பிறகு நீலச் சட்டைக்காரருக்குக் கை ஓடவில்லை. மஞ்சள் சட்டைக்காரர் மளமளவென்று பாயிண்டுகளை அள்ளி ஜெயித்துவிட்டார்.

இதோடு விட்டாரா? வெளியே வந்த நீலச் சட்டைக்காரரின் நாற்காலியை, கேட்காமல் கொள்ளாமல், பின்னாலிருந்து பிடித்துத் தள்ளினார்.

“ஜெயிக்கிறதா சார் முக்கியம்? கலந்துக்கிட்டீங்களே!”

“கையை எடுங்க. நான் ஜெயிக்கத்தான் வந்தேன். உங்க வாயாலதான் தோத்தேன்.”

வேறு யாராவது என்றால் வெட்கத்தில் செத்திருப்பார்கள். இவர் மனைவி பக்கம் திரும்பி, “பாவம், வேதனையில என்னென்னவோ பேசுறாரு” என்று இன்னொரு தடவை உச்சுக்கொட்டினார். எரிச்சல் வருமா வராதா?

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஜெயித்த மஞ்சள் சட்டைக்காரரும் சக்கர நாற்காலியில் வந்தவர்தானே. அவருக்கு ஒரு கை தட்டத் தோன்றியதா உங்களுக்கு? இல்லை, தோற்றவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்களா?