நல்லியல்பு வாயுவும் என் சாய்வு நாற்காலியும்

இனி மனைவியை அறிவியலால் மட்டுமே எதிர்ப்பது என்று அன்று காலை முடிவெடுத்தேன். பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவனுக்கு வேறு ஆயுதம் ஏது?

காரணம், ஓர் அதிர்ச்சி. பல் துலக்கிவிட்டு வந்து பார்க்கிறேன். கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, என் சாய்வு நாற்காலி இருந்த இடத்தில் தையல் மிஷின் நிற்கிறது!

"என் நாற்காலி?"

"வாசல்ல இருக்கு. மாடி அறைக்குத் தூக்கிட்டுப் போங்க. எனக்கு இங்கதான் வெளிச்சம் வருது."

மாடி அறைக்குத் தகரக் கூரை. வெயில் ஏறினால் அடுப்புதான்.

"அங்க காத்தோட அடர்த்தியே குறைவும்மா! மூச்சு முட்டும்!"

"அளந்து பார்த்தீங்களா?"

"அளக்கவே வேண்டாம். அழுத்தத்தை மோலார் நிறையால பெருக்கு. வாயு மாறிலியையும் வெப்பநிலையையும் பெருக்கி, அதால வகு. அடர்த்தி வந்துடும். இங்க இருபத்தேழு டிகிரி, மேல நாப்பத்திரெண்டு. ரெண்டுலயும் இருநூத்தி எழுபத்திமூணைக் கூட்டிப் பாரு. மேல நூத்துக்கு அஞ்சு பங்கு காத்தே இல்ல!"

அவள் மிஷினை நிறுத்தினாள். வாயைப் பிளந்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் கண்ட முதல் வெற்றி!

"வாயுன்னா, உங்களுக்கு ராத்திரியில வருமே, அதுவா?"

"இது நல்லியல்பு வாயு!"

"அப்ப உங்களோடது இல்ல. அப்படி என்ன நல்ல இயல்பு?"

வாத்தியார் புத்தி. என் விரல் தானாக உயர்ந்தது.

"அதோட மூலக்கூறுகள் இடத்தை அடைக்காது. எதையும் ஒட்டிக்காது. எந்தப் பாத்திரத்துல விட்டாலும் பரவி நிறைஞ்சுக்கும்."

"சின்னப் பாத்திரமா இருந்தாலும்?"

"எதுவா இருந்தாலும்!"

"சூடான பாத்திரம்?"

"சூட்டுல இன்னும் சுறுசுறுப்பா ஓடும்!"

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. உறைத்து என்ன பயன்?

"ஏங்க, இடத்தை அடைக்காம, போட்ட இடத்துல இருந்துக்கிட்டு, சூட்டுலயும் சுறுசுறுப்பா... இத்தனை வருஷமா நான் கேட்ட நல்ல இயல்பு இதுதானே?" ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள். "அஞ்சு பங்கு காத்து குறையுதுன்னா, அஞ்சு பங்கு பேச்சைக் குறைச்சுக்குங்க. சரியாப் போயிடும்."

இதை மாடி அறையிலிருந்து எழுதுகிறேன். கீழே மிஷின் மழைபோல ஓடுகிறது. என் மடியில், பித்தான் தைக்கச் சொல்லி அவள் ஏற்றி அனுப்பிய ஒரு கூடைச் சட்டைகள். வெப்பநிலை ஏறிவிட்டது, அடர்த்தி இறங்கிவிட்டது. அழுத்தம் மட்டும் கீழேயும் மேலேயும் ஒன்றுதான்.