மரத்தில் செய்த அல்ட்ரா

ஒரு விடுகதை போடுகிறேன். அவிழ்த்துப் பாருங்கள்.

ஒரே வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகள். மூவருக்கும் ஒரே முகம். கடைக்குட்டிக்கு முதுகில் இரண்டு கண். நடுப்பிள்ளைக்கு மூன்று. மூத்தவனுக்கு ஐந்து. தொட்டால் விழிப்பார்கள். தொடாவிட்டால் தூங்கிவிடுவார்கள். ஆனால் அவர்களைக் கடை ஜன்னலில் ஒரு தரம் பார்த்தவர்களுக்கு மட்டும் தூக்கம் வராது. அது என்ன?

பேய் என்கிறீர்களா? பக்கத்தில் வந்துவிட்டீர்கள். ஆனால் பேய் வாங்க யாரும் வரிசையில் நிற்பதில்லை. விடை, சிகரம் போன். சிகரம், சிகரம் பிளஸ், சிகரம் அல்ட்ரா என்று ஒரே நாளில் பிறந்த மூன்று போன்கள்.

அந்த மூத்தவன்மேல் ஆசை வைத்தார் ஒரு தச்சர். அலமாரி செய்வதில் கைதேர்ந்தவர். அளவில் ஒரு நூல் கூடவும் விடமாட்டார், குறையவும் விடமாட்டார். அதனால் தெருவில் அவருக்கு அளவுகாரர் என்றே பெயர். தலையணை வாங்கப் போனால்கூட முதலில் தன் தலையை அளந்துகொண்டுதான் போவார்.

ஒரு திங்கட்கிழமை பட்டறையில் அவர் குனிந்தார். சட்டைப்பையில் இருந்த போன் பசை டப்பாவுக்குள் குதித்தது. அவசரமாகக் கையை விட்டு எடுத்தார். எடுத்தபோது போனும் கையும் ஒன்றாகிவிட்டிருந்தன. அரை மணி நேரம் போராடியதில் கையை மீட்க முடிந்தது. போனை முடியவில்லை.

"சரி, புதுசா ஒண்ணு வாங்கத்தான் வேணும்," என்றாள் மனைவி. "ஆனா ஒண்ணுதான். புதுசு ஒருத்தருக்கு. என்னோட பழசு இன்னொருத்தருக்கு."

"புதுசு யாருக்கு?"

"அதைப் பேசிக்கலாம்."

"இதுல பேச என்னம்மா இருக்கு? பசையில விழுந்தது என் போன்."

"தானா விழுந்துதா, நீங்க போட்டீங்களா?"

மனைவியின் பழைய போன் எப்படிப்பட்டது தெரியுமா? மூலையில் விரிசல். காலையில் முழுச் சார்ஜ் ஏற்றினால் மதியச் சாப்பாட்டுக்குள் களைத்துப் படுத்துவிடும். ஒரு பாட்டைக் கேட்க நினைத்துத் தொட்டால், அது திறப்பதற்குள் பாட்டுக் கேட்கும் ஆசையே போய்விடும். அது தன் தலையில் விழுமோ என்று நினைத்தபோது அளவுகாரருக்கு வியர்த்தது.

அதுவும் இல்லாமல், எதிர் வீட்டு வங்கிக்காரர் சிகரம் பிளஸ் வாங்கியிருந்தார். வாங்கிய நாள்முதல் அவர் வீட்டுக்குள் நின்று போன் பேசுவதே இல்லை. பால்கனியில்தான் பேசுகிறார். அதுவும் போனின் முதுகு தெருவுக்குத் தெரியும்படி.

அளவுகாரர் கண்ணாடியின் முன் நின்று சபதம் செய்தார். "இந்தத் தடவை இந்த வீட்ல என் சொல்லுதான் எடுபடணும். அல்ட்ரா. எனக்கு. அவ்வளவுதான்."

கண்ணாடி மறுத்துப் பேசவில்லை. அந்த வீட்டில் அவர் சொன்னதை அமைதியாகக் கேட்டுக்கொண்ட ஒரே ஆள் அதுதான்.

சபதம் போட்டால் போதுமா? திட்டம் வேண்டாமா? அளவுகாரர் பட்டறைக்குப் போனார். மூன்று போன்களின் நீளம், அகலம், கனம் எல்லாவற்றையும் விளம்பரத் தாளில் பார்த்துக் குறித்தார். பலகை எடுத்தார். ரம்பம் எடுத்தார். சாயந்தரம் வீட்டு மேஜையில் மூன்று மரத் துண்டுகளை வரிசையாக வைத்தார்.

"என்னங்க இது, கதவுக்கு ஆப்பா?" என்றாள் மனைவி.

"மாடல்ம்மா. மூணு போனும் அச்சு அசலா இதே அளவு. கையில பிடிச்சுப் பாரு. எது சௌகரியமோ அதை வாங்கலாம். நான் எதையும் திணிக்கலை."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் விட்டத்தைப் பார்த்தார். காரணம் இருந்தது. சின்னதை அவர் விளம்பரத் தாளில் இருந்ததைவிட நீளத்தில் ஒரு விரல் அகலம் குறைத்து வெட்டியிருந்தார். நடுவில் உள்ளதற்கு உப்புத்தாளே காட்டவில்லை. தொட்டால் சிராய் ஏறும். பெரியதற்கோ தேக்கு. மூன்று முறை உப்புத்தாள், இரண்டு முறை வார்னிஷ். முதுகில் கேமராவுக்குப் பதிலாக ஐந்து பித்தளை ஆணித்தலைகள். வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஓர் அளவைத் தெரிந்தே குறைத்திருக்கிறார். அறுக்கும்போது ரம்பம்கூட ஒரு கணம் தயங்கியதாக அவருக்குத் தோன்றியது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் மனைவிக்குத் துணிக்கடையில் வேலை. பதினோரு வருடம். ஒரு துணியை மடிப்போடு காட்டி, ஒன்றைக் கசங்கலாகக் காட்டி, மூன்றாவதை வெளிச்சத்தில் உதறிப் பிடித்து விற்பது அவளுடைய தினப்படி வேலை. கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் அளவுகாரர் அவருக்கும் அண்ணன்.

மனைவி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாள்.

"சின்னது ரொம்பச் சின்னதா இருக்கே?"

"ஆமாம்மா. பாவம்."

"நடுவுலது கையைக் கீறுதுங்க."

"அது அதோட குணம்மா."

"போனுக்குக் குணமா?"

"டிசைன்."

"பெரிசு மட்டும் வழவழன்னு இருக்கு."

"பார்த்தியா! நான் ஒண்ணும் சொல்லலை. நீயாத்தான் சொல்ற."

மனைவி பெரியதை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். கீழே வைத்தாள். "சரி. இவ்வளவு பெரிசை வாங்கறதுக்கு முன்னாடி பழகிப் பார்க்க வேண்டாமா? ஞாயித்துக்கிழமை வரைக்கும் இதையே பாக்கெட்ல வெச்சுக்குங்க. ஒத்துவந்தா கடைக்குப் போகலாம்."

அளவுகாரருக்குக் கால் தரையில் பாவவில்லை. இவ்வளவு சுலபமா?

சுலபம் இல்லை. செவ்வாய்க்கிழமை குனிந்தபோது அல்ட்ரா விலாவில் குத்தியது. புதன்கிழமை அதைக் கால்சட்டைப் பைக்கு மாற்றினார், உட்கார்ந்தார், உடனே எழுந்தார். வியாழக்கிழமை ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். "இடுப்புப் பிடிப்பா?" என்று பட்டறைக்காரர்கள் கேட்டார்கள். "வளர்ச்சி," என்றார்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் அவரும் ஆறு வயது மகளும் பால்கனியில் நின்றிருந்தார்கள். எதிர்ப் பால்கனியில் வங்கிக்காரர் வழக்கம்போல முதுகு காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். தன் முதுகை அல்ல, போனின் முதுகை. அளவுகாரரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அடுத்த கணம் தேக்கு மரம் காதில் இருந்தது. பித்தளை ஆணிகள் வெயிலில் மின்னின.

வங்கிக்காரர் பேச்சை நிறுத்தினார். "என்ன சார், அஞ்சு கேமரா! அல்ட்ராவா?"

"ஆமா சார்," என்றது அளவுகாரரின் வாய். அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"அப்பா," என்றாள் மகள், "அது கட்டை."

"உஷ்!"

"அதுல நூறு மடங்கு ஜூமாமே சார்! அங்கேருந்தே எங்களை ஒரு போட்டோ எடுங்களேன். இருங்க, எல்லாரையும் கூப்பிடறேன்."

வேண்டாம் என்பதற்குள் அவர் உள்ளே ஓடிவிட்டார். அவர் மனைவி தலை வாரிக்கொண்டு வந்தாள். இரண்டு பிள்ளைகள் முகம் கழுவிக்கொண்டு வந்தார்கள். மாமியாரை நாற்காலியோடு தூக்கி வந்து நடுவில் வைத்தார்கள். ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஆப்பசைத்த குரங்கு தப்பித்தாலும் தப்பிக்கும், ஆப்பையே போன் என்று சொன்ன தச்சர் தப்ப முடியுமா? அளவுகாரர் மரத் துண்டை முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"ரெடி சார்?" என்று கத்தினார் வங்கிக்காரர்.

"ரெடி. கொஞ்சம் இடப்பக்கம். போதும். அம்மா, தலையை நிமிர்த்துங்க."

"க்ளிக்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினார். துணி உலர்த்த வந்த மனைவி.

"அருமையா வந்திருக்குமே சார், அனுப்பிடுங்க!" என்றார் வங்கிக்காரர்.

"அனுப்பறேன் சார். சிக்னல் கொஞ்சம்…"

"மரத்துல சிக்னல் ஏறாதுங்க," என்று மனைவி அவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, துணியை உதறிப் போட்டாள்.

இனி பின்வாங்க முடியாது. அல்ட்ரா வாங்கியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து பேர் மூச்சைப் பிடித்ததற்கு யார் பதில் சொல்வது? சனிக்கிழமை மகளைத் தனியாக அழைத்தார். வீட்டில் மூன்று பேர். இரண்டு ஓட்டுக் கையில் இருந்தால் நல்லதுதானே.

"குட்டி, மூணுல எந்த போன் நல்லது?"

"பெரிசு."

"யாருக்கு?"

"அப்பாவுக்கு."

"ஏன்?"

"ஏன்னு நீங்க இன்னும் சொல்லிக் குடுக்கலைப்பா."

அதையும் சொல்லிக் கொடுத்தார். பதிலுக்குப் பொம்மைக்கு ஓர் அலமாரி செய்து தருவதாகப் பேச்சு. நாலு தட்டு என்றார். ஐந்து என்றாள். ஐந்துக்கு ஒப்பந்தம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் கடைக்குப் போனார்கள். விற்பனைப் பெண் சிரித்த முகத்தோடு மூன்று சிகரங்களையும் கண்ணாடி மேஜையில் அடுக்கினாள். அளவுகாரர் அல்ட்ராவை நோக்கிக் கையை நீட்டினார்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் மனைவி. கைப்பையைத் திறந்தாள். மரத் துண்டுகளை எடுத்து, ஒவ்வொரு போனுக்கும் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்தாள். பெரியதும் பெரியதும் பொருந்தின. நடுவும் நடுவும் பொருந்தின. கடைக்குட்டியிடம் வந்தபோது, நிஜப் போன் மரத்தைவிட ஒரு விரல் அகலம் நீண்டு நின்றது.

"என்னங்க, இது குட்டையா இருக்கே?"

அளவுகாரர் மறுபடி விட்டத்தைப் பார்த்தார். "அது… வெட்டும்போது அளவு கொஞ்சம் தப்பிடுச்சு போல."

"அய்யய்யோ!" என்றாள் விற்பனைப் பெண். மனைவி அல்ல, விற்பனைப் பெண். "அண்ணே, எங்க வீட்டுச் சமையலறை அலமாரி உங்ககிட்டதானே குடுத்திருக்கோம்? அம்மா பேர்ல. ஒரு விரல் தப்பினா கதவே மூடாதே! நான் இப்பவே அம்மாவுக்குப் போன் பண்ணி நிறுத்தச் சொல்லட்டுமா?"

பார்த்தீர்களா இருதலைக் கொள்ளி எறும்பை? ஒரு பக்கம் போனால் பொய்யன். மறுபக்கம் போனால் அளவு தெரியாத தச்சன். இருபது வருடம் ஒரு நூல் பிசகாமல் சேர்த்த பெயர் கண்ணாடி மேஜைமேல் கிடந்தது. விற்பனைப் பெண்ணின் கட்டைவிரல் போனை நெருங்கிக்கொண்டிருந்தது.

"வேணாம்மா!" என்று அலறினார் அளவுகாரர். "என் அளவு தப்பாது! வேணும்னேதான் குறைச்சு வெட்டினேன்!"

கடையே திரும்பிப் பார்த்தது.

"ஏன் அண்ணே?"

"வீட்ல… பெரிசு வாங்க ஒத்துக்கணும்னு."

"அப்ப நடுவுலது கீறினது?" என்றாள் மனைவி.

"அதுவும் வேணும்னேதான்."

"உப்புத்தாள் தீர்ந்துடுச்சோன்னு நினைச்சேன்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மேஜையில வெச்ச அன்னிக்கே. தினம் நூறு மீட்டர் துணியைக் கையால அளக்கறவ நான். ஒரு விரல் குறைஞ்சா தெரியாதா? சரி, ஒரு வாரம் சுமக்கட்டும்னு விட்டேன்."

விற்பனைப் பெண் போனைக் கீழே வைத்தாள். "அளவு தப்பலைன்னா சரி அண்ணே. அலமாரி நடக்கட்டும்."

பெயர் தப்பியது. அல்ட்ரா? அதை இன்னும் விட மனசில்லை. "தப்புதாம்மா. ஒத்துக்கறேன். ஆனா என்கிட்ட போனே இல்லை. அதையும் பாரு."

"பார்க்கறேன்," என்றாள் மனைவி. "அளவுல விளையாடினவர் எடுக்கறது நியாயம் இல்லை. நான் எடுத்தா, பழி வாங்கிட்டேன்னு ஆயுசுக்கும் சொல்லுவீங்க. பாப்பா எடுக்கட்டும். எடுத்து, யாருக்குன்னு அவளே குடுக்கட்டும். நீங்களும் பேசக் கூடாது, நானும் பேசமாட்டேன். சம்மதமா?"

சம்மதமாவது! அளவுகாரர் உள்ளுக்குள் துள்ளினார். ஐந்து தட்டு அலமாரி அல்லவா பேசி வைத்திருக்கிறார்! முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டார். "குழந்தை மனசு. அது எதைச் சொன்னாலும் நான் கட்டுப்படறேன்."

"அண்ணே, சாட்சிக்கு நான் இருக்கேன்," என்றாள் விற்பனைப் பெண்.

மகளைத் தூக்கி மேஜைக்கு முன் நாற்காலியில் நிறுத்தினார்கள். அவள் மூன்று போன்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அளவுகாரர் ஒரு கண்ணைச் சிமிட்டினார். அவளும் பதிலுக்குச் சிமிட்டினாள். இரண்டு கண்ணையும்.

பிறகு நடுவில் இருந்த பிளஸ்ஸை எடுத்தாள். அம்மாவிடம் கொடுத்தாள். "பெரிசு அப்பாவைக் குத்துதே, அம்மாவோட பழசுதான் அப்பாவுக்கு," என்றாள்.